ஆறுதல் அட்டவணை

ஃபுவாட்டினோ பட்டம் வாங்கி ஊர் திரும்பி எட்டு மாதம் ஆகியும் ஒருவர்கூட அவளிடம் யோசனை கேட்டு வரவில்லை. கடல் தாண்டி சூவா பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷம் மனித மனத்தைப் படித்துவிட்டு வந்தவளிடம் சாலெவாய் என்ற தீவுக் கிராமம் இதுவரை கேட்ட சந்தேகங்கள் இரண்டே. செல்போனில் அழிந்த படம் திரும்ப வருமா என்பது ஒன்று. இவ்வளவு படித்தும் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பது மற்றொன்று.

சான்றிதழ் மட்டும் வீட்டின் நடுத்தூணில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அப்பா சேமு மீன்பிடிக்கிறவர். அவர் வம்சத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் இவள்தான் என்பதால், யார் வந்தாலும் அந்தத் தூணைப் பார்த்தபடிதான் உட்கார வைப்பார். ஃபுவாவுக்கு அது வெட்கமாக இருக்கும். வந்தவர் பார்க்காமல் போய்விட்டாலோ கோபம் வரும்.

அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, வெள்ளைத் தொப்பிகள் எல்லாம் வீடுகளுக்குக் கலைந்த பிறகு, போதகரின் மனைவி ஃபியாசிலி அவளைக் கோயில் சுவரோரமாகக் கூப்பிட்டபோது அவள் கிட்டத்தட்ட ஓடினாள்.

"ஃபுவா, நீ படிச்சியே, அது மனசு சரியில்லாதவங்களைப் பத்தினதுதானே?"

"ஆமாம்மா. உளவியல்."

"ஏதோ ஒண்ணு. கேளு. நம்ம எபெனேசாவை வியாழக்கிழமை குழாயடியில பாத்தேன். எப்படி இருக்கன்னு சும்மா ஒரு வார்த்தை கேட்டேன். வாளியைக் கீழ வெச்சுட்டுச் சொல்றா, காலையில கண்ணு முழிக்கும்போதெல்லாம் ஏமாத்தமா இருக்குன்னு."

"என்ன ஏமாத்தம்?"

"முழிச்சுட்டோமேன்னு."



"நீங்க என்ன சொன்னீங்க?"

ஃபியாசிலி தொப்பியைக் கழற்றி அதன் விளிம்பைத் திருகினார். "நான் என்னத்தைச் சொல்ல? விசுவாசம் குறைஞ்சா அப்படித்தான், ஜெபம் பண்ணுன்னு சொல்லிட்டேன். 'சரிம்மா, ரொம்ப நன்றி'ன்னுட்டு வாளியைத் தூக்கிட்டுப் போயிட்டா. அந்த நன்றிதாண்டி மூணு நாளா என் தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது. அவ செத்துகித்துப் போயிட்டா நான் கர்த்தர்கிட்ட என்ன முகத்தை வெச்சுக்கிட்டு நிப்பேன்?"

அந்த நிமிஷம் ஃபுவாவின் நெஞ்சு படபடவென்று அடித்தது. இரக்கத்தால் என்று எழுத ஆசைதான். எட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு கேஸ் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தால் அடித்தது. ஒரு பெண் வாழப் பிடிக்கவில்லை என்கிறாள், இவளுக்கோ உள்ளே மேளம்.

எபெனேசாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஓய்வுநாள் பள்ளியில் இருபத்திரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்தவர். ஃபுவாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததே அவர் பிரம்பால்தான். கணவர் போய் ஆறு வருஷமாகிறது. பிள்ளைகள் ஒருவன் ஆக்லாந்தில், ஒருத்தி பிரிஸ்பேனில். கூட இருந்த தம்பி மகன் குடும்பமும் பிள்ளைகளின் படிப்புக்காக ஜனவரியில் தலைநகர் ஆப்பியாவுக்குப் போய்விட்டது. சுவரில்லாமல் சுற்றிலும் இருபது தூண் மட்டும் நிற்கும் அந்தத் திறந்த வீட்டில் அவர் ஒற்றையாக இருந்தார். எங்கள் தீவில் ஒற்றையாக இருப்பவர் என்று யாரும் கிடையாது. ஆகவே அது யார் கண்ணிலும் படவில்லை.

திங்கட்கிழமை காலை ஃபுவா மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள் அடங்கிய தாளை எடுத்துக்கொண்டு போனாள்.

முன்பக்கமாக ஏறி, விருந்தாளி உட்கார வேண்டிய முன்தூணில் சாய்ந்து, காலை மடித்து உட்கார்ந்தாள். எபெனேசா நல்ல பாயை எடுத்துவந்து விரித்தார். அவள் வரவால் தன் எளிய வீடு வெளிச்சம் பெற்றது என்று முறைப்படி வரவேற்புப் பேச்சு பேசினார். அவ்வளவு நீளமான பேச்சு போதகருக்குத்தான் வழக்கம். ஃபுவா அதைத் தன் பட்டத்துக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டாள்.

"அத்தை, நான் சில கேள்வி கேப்பேன். போன ரெண்டு வாரத்துல எப்படி இருந்துச்சுன்னு சொன்னாப் போதும். ஒரு நாளும் இல்ல, சில நாள், பாதி நாளுக்கு மேல, தினமும். இந்த நாலுல ஒண்ணு."

"கேளும்மா. எவ்வளவு தூரம் வெயில்ல வந்திருக்க."

"எதுலயும் ஈடுபாடு இல்லாம இருந்துச்சா?"

எபெனேசா அவள் முகத்தைப் பார்த்தார். "சில நாள்."

"தூக்கம் வராம இருந்துச்சா?"

"சில நாள்."

"சாப்பிடப் பிடிக்காம?"

"சில நாள் வெச்சுக்கயேன்."

வெச்சுக்கயேன் என்றதை ஃபுவா கவனிக்கவே இல்லை. கட்டத்தில் டிக் அடித்தாள். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா என்பது. அதைப் பெரியவர் ஒருவரிடம் நேராகக் கேட்க நாக்கு வரவில்லை. ஆகவே ஊரின் மரியாதை மொழியில் சுற்றி வளைத்து, "இளைப்பாறலாம்னு எப்பவாவது மனசு போச்சா" என்று முனகினாள். கேள்வி இப்போது மத்தியானத் தூக்கத்தைப் பற்றியது போல் ஆகிவிட்டது.

"எப்பவாவது," என்றார் எபெனேசா, அதைவிட மரியாதையாக.

பிறகு பின்பக்கம் சமையல்கொட்டகைக்குப் போய், ஒரு டின் மீனைத் திறந்து வெங்காயம் போட்டுச் சுடவைத்து, வேகவைத்த பச்சை வாழைக்காயோடு தட்டில் கொண்டுவந்து வைத்தார். எதிரே உட்கார்ந்து விசிறியால் ஈ ஓட்டினார். விருந்தாளி சாப்பிட்டு முடிக்கும்வரை வீட்டார் சாப்பிடக் கூடாது. ஃபுவா இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாள். மீதியை எபெனேசா இலையில் கட்டிக் கையில் கொடுத்தார்.

பதில்களுக்கான மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்தால் எட்டு. லேசானது என்று தாள் சொன்னது. இவளுக்குப் பெருமையாகிவிட்டது, பார்த்த அன்றே பாதி குணமாக்கிவிட்டது போல. மாவட்ட ஆஸ்பத்திரி நர்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லலாமா என்று யோசித்தாள். லேசான கேஸுக்கு எதற்கு என்று விட்டுவிட்டாள். தன் முதல் கேஸை இன்னொருத்தியிடம் பங்கு போட மனம் வரவில்லை என்பதுதான் விஷயம்.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: தனியாக விடக் கூடாது. ஃபுவா ஒரு பெரிய அட்டை வாங்கினாள். நாலு வண்ணப் பேனாவால் கட்டம் போட்டாள். திங்கள் பெண்கள் ஐக்கியம், செவ்வாய் பாடகர் குழு, புதன் இளைஞர், வியாழன் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள், வெள்ளி மூப்பர்கள், சனி போதகர் தம்பதி. மேலே கொட்டை எழுத்தில் 'எபெனேசாவுக்கு ஆறுதல்' என்று எழுதி, பூப் போட்டுக் கோயில் வாசலில் ஒட்டினாள். ரகசியம் காப்பதைப் பற்றி சூவாவில் தனியாக ஒரு பாடம் உண்டு. அதில் அவள் வகுப்பிலேயே முதல்.

சபை உருகிவிட்டது. போதகர் இசாயா பிரசங்கத்திலேயே அட்டையைக் காட்டிப் பாராட்டினார். "நம்ம பிள்ளைங்க படிச்சது கர்த்தருக்குப் பிரயோஜனமா ஆகுது பாருங்க!" சேமு முதல் வரிசையில் உட்கார்ந்து சத்தமாக மூக்கைச் சிந்தினார்.

மூன்று வாரம் எல்லாரும் முறை தவறாமல் போனார்கள். சாலெவாயில் ஒரு கூட்டத்துக்கு இவ்வளவு ஒழுங்காக ஆள் வந்து யாரும் பார்த்ததில்லை. ஃபுவா ஒவ்வொரு குழுவையும் நிறுத்தி விசாரித்தாள்.

"எப்படி இருக்காங்க?"

"ரொம்ப நல்லா இருக்கா. கோழி அடிச்சா."

"சிரிச்சுப் பேசினா. சேம்பிலையில தேங்காய்ப்பால் கட்டிச் சுட்டுக் குடுத்தா பாரு, அடடா."

"மூப்பர் எல்லாருக்கும் டின் மாட்டிறைச்சி. இவ்வளவு பெரிய டின்!"

ஃபுவா இதையெல்லாம் நோட்டில் குறித்துக்கொண்டாள். 'சமூக ஈடுபாடு அதிகரித்துள்ளது' என்று எழுதி அடிக்கோடிட்டாள். சூவாவில் இருந்த பேராசிரியைக்கு ஒரு நீண்ட மின்னஞ்சல்கூட அனுப்பினாள். அதில் 'முன்மாதிரித் திட்டம்' என்ற சொல் ஐந்து இடத்தில் வந்தது.

நாலாவது செவ்வாய்க்கிழமை, வலை பின்னிக்கொண்டிருந்த சேமு நிமிராமல் கேட்டார்: "ஏம்மா, எபெனேசா வீட்டுச் சேவல் ஏன் இப்பல்லாம் கூவுறதில்ல?"

"எனக்கெப்படித் தெரியும்? ஒருவேளை அதுவும் நிம்மதியா இருக்கோ என்னவோ."

"அது சரி. அந்தச் சீமைப்பலா மரத்துலயும் ஒரு காயைக் காணோம். ஒத்தப் பொம்பளைக்கு எதுக்கு இவ்வளவு?"

ஃபுவா ஏதோ கெட்டிக்காரத்தனமாகப் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கோழி, சேம்பிலை, டின் மாட்டிறைச்சி என்று நோட்டில் குறித்ததெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.  அவள் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்ட அந்த டின் மீனும் கூடவே வந்தது. செருப்பைக்கூட மாட்டாமல், தோளில் கிடந்த பையோடு ஓடினாள்.

எபெனேசா வீட்டுக்குப் பாடகர் குழு வந்திருந்தது. பதினாலு பேர் முன்தூண்களில் வரிசையாகச் சாய்ந்து, ஏற்கெனவே இரண்டு பாட்டு பாடி முடித்து, உட்கார்ந்திருந்தார்கள். குழுத் தலைவர் லெமாலு, ஊர்த்தலைவர் பட்டம் சூட்டப்பட்டவர், வயிற்றின்மேல் கையைக் கோத்திருந்தார். அவர் பக்கத்தில், குழுவோடு பாட வந்த ஃபியாசிலி.

"அத்தை எங்க?"

"பின்னால," என்றார் லெமாலு. "அரை மணி நேரமாச்சு. இன்னைக்குப் பன்னியா இருக்கும்."

ஃபுவா வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். அந்தச் சில அடிகளில் அவள் செய்த ஜெபத்தில் வார்த்தை எதுவும் இல்லை. படித்தவளுக்கு வார்த்தை கிடைக்காமல் போனது அதுதான் முதல் தடவை.

சமையல்கொட்டகையில் எபெனேசா உயிரோடு இருந்தார். தரையில், அடுப்புக்கான சுடுகற்களின் பக்கத்தில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. கழுவாத தட்டுகள் மூன்று நாள் குவியலாகக் கிடந்தன. ஒரே ஒரு பன்றிக்குட்டி, வீட்டில் மிச்சமிருந்த கடைசி உயிர், கட்டிப்போட்ட இடத்தில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அத்தை!"

"எந்திரிக்க முடியலடி," என்றார் எபெனேசா. குரலில் மரியாதை மொழி போயிருந்தது. "நானும் அரை மணி நேரமா எந்திரி எந்திரின்னு சொல்லிப் பாக்குறேன். காலு கேக்க மாட்டேங்குது."

ஃபுவா அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். தாளை எடுக்கவில்லை, பேனாவையும் எடுக்கவில்லை. மரியாதை மொழியும் இப்போது கைகொடுக்கவில்லை.

"அத்தை, செத்துப்போகணும்னு தோணுதா?"

"தோணுது."

"எத்தனை நாளா?"

"தம்பி மகன் போனதுல இருந்து. அதுக்கு முன்னாலயே இருந்துச்சோ என்னவோ. எல்லாரும் ஏன் ஏன்னு கேக்குறாங்க. காரணம்னு ஒண்ணு இருந்தா எடுத்துக் குடுத்துட மாட்டேனா? ஒண்ணுமில்ல ஃபுவா. உள்ள யாரோ விளக்கை அணைச்சுட்டுப் போன மாதிரி இருக்கு, அவ்வளவுதான்."

"இன்னைக்கு ஏதாவது பண்ணிக்கலாம்னு நெனச்சீங்களா?"

எபெனேசா அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் பழைய ஓய்வுநாள் பள்ளி டீச்சர் ஒரு நொடி எட்டிப் பார்த்தார். "எங்க விட்ட நீ? திங்கக்கிழமை பொம்பளைங்க, செவ்வாக்கிழமை பாட்டு, புதன்கிழமை அந்தக் காலிப் பயலுங்க, ஒவ்வொருத்தனும் மூணு பேர் சாப்பாடு சாப்பிடுறான். நான் செத்துட்டா அவங்களுக்கு யாருடி சமைப்பா? உன் அட்டவணை என்னைச் சாகவும் விடல, இருக்கவும் விடல."

ஃபுவாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததில் மூக்கு ஒழுகியது.

"அப்போ அன்னிக்குக் கேள்வி கேட்டப்ப ஏன் சில நாள் சில நாள்னு சொன்னீங்க?"

"வெயில்ல நடந்து வந்திருந்த. 'சில நாள்'னு சொன்னதும் உன் மூஞ்சி மலர்ந்துச்சு. வீடு தேடி வந்த விருந்தாளியோட மூஞ்சியை வாட விடுவாங்களா?"

இதை அவள் அறிந்திருக்க வேண்டும். இந்த ஊரில் பிறந்தவள். விருந்தாளி 'இது என் குதிரைதானே' என்று கேட்டால் ஆமாம் என்று அவிழ்த்துக் கொடுக்கிற ஜனம். முன்பக்கமாக ஏறி உட்கார்ந்து எதைக் கேட்டாலும், கேட்டவர் விரும்பும் பதில்தான் வரும், பின்னாலேயே சாப்பாடும் வரும். இது மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரியும். மூன்று வருஷம் படித்தவளுக்கு மறந்துவிட்டது.

ஃபுவா எழுந்து முன்பக்கம் போனாள். கோபம் அவளுக்கு எப்போதுமே சுலபமாக வரும். தன்மேல் வரவேண்டிய கோபம் அடுத்தவர்மேல் இன்னும் சுலபமாக வரும்.

"சாப்பாடு கிடையாது," என்றாள். "ஆறுதல் சொல்ல வந்தீங்களா, கோழி தின்ன வந்தீங்களா? மூணு வாரமா ஒரு பொம்பளையை உயிரோட தின்னுட்டு இருக்கீங்க எல்லாரும்!"

 லெமாலுவின் கை வயிற்றிலிருந்து இறங்கியது.

"அட்டையை ஒட்டினது யாரு?" என்று கேட்டார், மிக மெதுவாக.

"நான்தான்."

"பூப் போட்டது?"

"அதுவும் நான்தான்."

"முதல் நாள் வந்து மீனைத் தின்னது?"



பின்பக்கத்திலிருந்து எபெனேசாவின் குரல் கேட்டது. "ஃபுவா! யாரையும் போக விடாத! என் வீட்டுக்கு வந்தவங்க வெறும் வயித்தோட போனாங்கன்னு பேர் வரக் கூடாது! இதோ வரேன், இதோ..." வரேன் என்றவரால் எழுந்திருக்க முடியவில்லை என்பது எல்லாருக்கும் கேட்டது.

அப்போது ஃபியாசிலி எழுந்தார். போதகர் வீட்டம்மா. வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் ஊரே முறை போட்டுச் சமைத்து அவர் வீட்டுக்கு அனுப்பும். இந்தக் கிராமத்துக்கு வந்த பதினோரு வருஷத்தில் யாருடைய சமையல்கொட்டகையையும் அவர் எட்டிப் பார்த்ததில்லை, பார்க்க விடமாட்டார்கள். அவர் ஒன்றும் பேசாமல் முன்பக்கமாக இறங்கி, வீட்டைச் சுற்றி நடந்து, பின்பக்கம் போனார். தரையில் உட்கார்ந்து ஒரு தட்டை எடுத்துச் சாம்பலால் தேய்க்க ஆரம்பித்தார்.

"ஐயோ அம்மா, வேண்டாம்," என்று எபெனேசா கதறினார். "நீங்க போய், இந்த இடத்துல! கர்த்தரே, எனக்கு வெக்கமா இருக்கு!"

"வெக்கப்படு," என்றார் ஃபியாசிலி. "நானும்தான் வெக்கத்தோட உக்காந்திருக்கேன். ரெண்டு பேரும் சேந்து வெக்கப்படுவோம். குழாயடியில அன்னிக்கு நான் சொன்னது தப்பு எபெனேசா. உனக்கு விசுவாசம் குறையல. எனக்குத்தான் காது இல்ல." பிறகு திரும்பி, பின்னாலேயே வந்து வாயைப் பிளந்து நின்ற ஃபுவாவைப் பார்த்தார். "நீ என்ன பரீட்சை ஹால் சூப்பர்வைசர் மாதிரி நிக்கிற? தண்ணி கொண்டாடி!"

மூன்று வருஷப் படிப்புக்குக் கிடைத்த முதல் தெளிவான வேலை. ஃபுவா வாளியோடு குழாய்க்கு ஓடினாள்.

திரும்பி வந்தபோது பாடகர் குழுவில் ஆறு பேர் கோபித்துக்கொண்டு போயிருந்தார்கள். மீதி எட்டுப் பேர் பின்பக்கம் இருந்தார்கள். லெமாலு சட்டையைக் கழற்றிவிட்டு அடுப்புக் கற்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பட்டம் சூட்டிய பிறகு இருபது வருஷமாக அவர் அந்த வேலையைத் தொட்டதில்லை. ஒவ்வொரு கல்லையும் தப்பாக வைத்தார். எபெனேசாவால் பொறுக்க முடியவில்லை.

"பெரிய கல்லு அடியில ஐயா! அடியில!"

"இதோ, இதோ. பத்தவைக்கத் தாள் இருக்கா?"

ஃபுவா பைக்குள் கையை விட்டு, அகப்பட்ட தாளைப் பார்க்காமலே கொடுத்தாள். யாரோ தங்கள் வீட்டிலிருந்து சேம்பங்கிழங்கு கொண்டுவந்தார்கள், யாரோ மீன். பன்றிக்குட்டி பிழைத்தது. வெந்ததும் ஃபியாசிலி முதல் தட்டை எபெனேசாவின் முன்னால் வைத்து, எதிரே உட்கார்ந்து, விசிறியை எடுத்து ஈ ஓட்டினார். எபெனேசா வெகுநேரம் தட்டையே பார்த்தார். பிறகு இரண்டு துண்டு கிழங்கு சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே அழுதார். யாரும் அழாதே என்று சொல்லவில்லை. லெமாலு ஏதோ ஆறுதல் வசனம் சொல்ல வாயெடுத்தார். ஃபியாசிலி விசிறியை அவர் பக்கம் ஒரு தரம் வீசினார். அவர் வாயை மூடிக்கொண்டு மீனைப் பிய்த்தார்.

மாலைச் சங்குக்கு முன் எல்லாரும் வீடு திரும்பினார்கள். சங்கு ஊதிவிட்டால் குடும்ப ஜெபம் முடியும்வரை சாலையில் யாரும் நடக்கக் கூடாது. ஆண்கள் கம்போடு காவல் நிற்பார்கள். ஃபுவா மட்டும் போகவில்லை.

"நீயும் போயேன்," என்றார் எபெனேசா.

"மாட்டேன். இன்னைக்கு இங்கதான் படுக்கப்போறேன். நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரி நர்ஸைப் பாக்க ரெண்டு பேரும் போறோம். அவங்களுக்கு இதுக்கு மருந்து தெரியும், டாக்டரைத் தெரியும். எனக்கு அட்டையில பூப் போடத்தான் தெரியும்."

"விருந்தாளிக்கு நல்ல பாய் வேணுமே."

"நான் விருந்தாளி இல்ல. பின்பக்கமா வந்தவ."

சங்கு ஊதியது. சுற்றிலும் வீடுகளில் பாட்டு எழும்பியது. எபெனேசாவின் வீட்டிலிருந்து ஜனவரிக்குப் பிறகு சத்தம் எழவில்லை என்பதை ஃபுவா இப்போதுதான் உணர்ந்தாள். தினமும் இதே நேரம், ஊரே பாடும்போது, இந்தத் தூண்களுக்கு நடுவில் இவர் வாயை மூடி உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"ஜெபம் பண்ணலாமா அத்தை?"

"நானும் அவரும் இப்போ பேசிக்கிறதில்ல."

"சரி. நான் பேசுறேன். நீங்க சும்மா இருங்க."

ஃபுவா கண்ணை மூடி, கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தைத் தொடங்கினாள். சூவாவில் மூன்று வருஷமும் அவள் அதைச் சொன்னதே இல்லை. அன்றாட அப்பம் கேட்கும் இடம் வரை சரியாக வந்தது. அதற்கப்புறம் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடி அப்பத்திலேயே நின்றது. மூன்றாம் முறையும் அப்பம்.

"எத்தனை தரம்டி அப்பம் கேப்ப?" என்றார் எபெனேசா இருட்டத் தொடங்கிய மூலையிலிருந்து. "இருபத்திரண்டு வருஷம் இதைத்தானே சொல்லிக்குடுத்தேன்." எரிச்சலோடு அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தார். அதற்கடுத்ததையும். முடிவு வரை. ஆமென் மட்டும் அவர் சொல்லவில்லை. ஃபுவாவும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஃபுவா கண் விழித்தபோது எபெனேசா ஏற்கெனவே விழித்து, தூணில் சாய்ந்து, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை. இன்னைக்கும் ஏமாத்தமா இருந்துச்சா?"

எபெனேசா யோசித்தார். விருந்தாளிக்குச் சொல்லும் பதிலுக்கு இவ்வளவு நேரம் தேவைப்பட்டிருக்காது. "இருந்துச்சு," என்றார். "ஆனா நீ விட்ட குறட்டையில அதைச் சரியா யோசிக்கக்கூட முடியல." கொஞ்சம் பொறுத்து, "அந்தத் தாளை எடு. நர்ஸுகிட்ட போறதுக்கு முன்னால உள்ளதைச் சொல்லிடுறேன்."

ஃபுவா பையைத் துழாவினாள். பிறகுதான் ஞாபகம் வந்தது. லெமாலு அடுப்புப் பற்றவைத்தது அந்தத் தாளை வைத்துத்தான். ஒன்பது கேள்விகளையும் மனதிலிருந்தே கேட்டாள். வரிசை மாறியது, ஒன்றை இரண்டு தரம் கேட்டாள். எழுதுவதற்கு வேறொன்றும் அகப்படாமல், கொட்டகையில் கிடந்த மீன் டின்னின் லேபிளைக் கிழித்து அதன் முதுகில் எழுதினாள். இடம் போதாமல் மீன் படம் போட்ட முன்பக்கத்துக்கும் போக வேண்டியிருந்தது. இந்தத் தடவை 'சில நாள்' என்று ஒரு பதில்கூட வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் எபெனேசா ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் கோயிலைத் தாண்டும்போது வாசலில் அட்டை இல்லை என்பதை ஃபுவா பார்த்தாள். யாரோ விடிவதற்குள் கிழித்திருந்தார்கள். கிழித்தவருக்கு மனதுக்குள் நன்றி சொன்னாள். அந்தப் பூக்கள் நன்றாகத்தான் வந்திருந்தன என்றும் நினைத்துக்கொண்டாள். புத்தி அவ்வளவுதான்.

நர்ஸ் லேபிளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"ஒன்பதாவது பதிலைக் காணோமே?"

"மீனுக்குக் கீழ," என்றாள் ஃபுவா. "வால் பக்கம்."

நர்ஸ் அதைப் படித்தாள். எழுந்து நாற்காலியை மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டுவந்து எபெனேசாவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "இது நீங்களே சொன்னதா?"

ஃபுவா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். எபெனேசா அவள் முழங்காலில் ஓர் அடி போட்டார், பழைய பிரம்படி மாதிரி.

"நான்தான் சொன்னேன்," என்றார். "நீங்க கேளுங்க. இவ எழுத மட்டும் வந்தவ."